கடைசி மரத்தில் ஒரு சிவப்புத் துணி

வலியசாலை,
திருவனந்தபுரம்,
ஜனவரி 6.

அன்புள்ள அஜிதாவுக்கு,

ஜானவி எழுதுகிறேன். ஃபோனை நீ எடுப்பதில்லை. வாட்ஸாப்பில் பத்தி பத்தியாக எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். தபால்காரரிடம் கட்டைவிரலைக் காட்டி அனுப்ப முடியாது, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாய், ஆற்றில் குளித்துவிட்டு நடந்தே வீடு திரும்புகிறாய் என்று உன் அக்கா இசக்கிசெல்வி சொன்னார்கள். இனி சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதையும் அக்காதான் சொன்னார்கள். நீ சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உன் ஊர் அம்பாசமுத்திரம் போனதிலிருந்து நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். என் சைக்கிளை வித்துரு, கேள்வி கேக்காத என்றாய்.

சைக்கிள் எங்கள் ஹாலில் என்னுடையதை ஒட்டி நிற்கிறது. கழக்கூட்டத்தில் உன் ஹாஸ்டலிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன். வேன் இடித்து வளைந்துபோன சக்கரத்தை மாற்றியாயிற்று. ரெண்டு சைக்கிள் நடு ஹால்ல நின்னா மனுஷா எங்கேடி உக்காருவா என்று அம்மா தினமும் சத்தம் போடுகிறாள். சத்தம் போட்டுவிட்டு ஈரத்துண்டை உன் ஹேண்டில்பாரில்தான் உலர்த்துகிறாள்.

வாங்கவும் ஆள் வந்தாயிற்று. என் ஆபீஸ் வெங்கடகிருஷ்ணன். நல்ல உயரம். ஏறி மிதித்தால் முட்டி தாடையில் இடிக்கிறது. சீட்டை ஏத்தினா சரியாயிடும் என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். மாதக் கடைசி ஞாயிறன்று வந்து எடுத்துக்கொள்வாராம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

அவர் வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டியே வராத வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். விதுராவைத் தாண்டி ஒரு ரப்பர் எஸ்டேட். கேட்டைத் திறந்து உள்ளே போனால் சரளைக்கல் பாதை. ரப்பர் இப்போது இலை உதிர்க்கும் நேரம் அல்லவா, பாதை முழுவதும் சருகு. டயர் ஏறும்போது அப்பளம் நொறுங்குகிற சத்தம். அது முடிந்தால் பாக்குத் தோப்பு, பிறகு கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் ஓடை, அப்புறம் அக்கேஷியாக் காடு. ஒரு மேட்டில் மூச்சு வாங்க நின்றால் எதிரே பொன்முடி. நாம் அடிக்கடி பேசுவோமே, ஹாரன் கேட்காமல் ஒரு முழுநாள் ஓட்ட வேண்டும் என்று, அதற்கென்றே போட்ட பாதை மாதிரி இருக்கிறது. மேலே தேயிலை வரை போகிறது.

எஸ்டேட்டுக்குள் திருப்பங்கள் அதிகம். மேப்பை நம்பி ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் போய் நின்றவள் நீ. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். துணி எங்கிருந்து என்று கேட்காதே. கொலுவுக்கு வெற்றிலைபாக்கோடு வருகிற ப்ளவுஸ் பிட்டுகளை எங்கள் தெருவில் யாரும் தைத்துப் போட்டதில்லை. வீடு வீடாகச் சுற்றிவிட்டுக் கொடுத்தவர் கைக்கே திரும்பி வரும். அம்மாவின் பெட்டியிலிருந்து சிவப்பு மட்டும் எடுத்துக் கிழித்துவிட்டேன்.

பொங்கல் முடிந்ததும் வா. துணியைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும்.

அக்காவுக்கு என் அன்பு. உன் காலுக்கும்.

ஜானவி


வலியசாலை,
ஜனவரி 20.

அன்புள்ள அஜி,

உன் பதில் கிடைத்தது. துணி கட்டி வழி காட்ட நான் குழந்தையில்லை, என்னைப் பாத்துப் பாவப்படவும் வேண்டாம், ஞாயித்துக்கிழமை சைக்கிளைக் கொடுத்துரு என்று எழுதியிருக்கிறாய். நலமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் நேற்று விதுராவுக்குப் போனேன்.

எஸ்டேட்டில் ஒரு துணிகூட இல்லை. முதல் திருப்பத்தில் ரப்பர்ப் பால் வெட்டும் பெண்கள் கத்தியும் வாளியுமாக நின்று என்னை மறித்தார்கள். நடுவில் நின்றவர் பெயர் சுடலைமாடத்தி. வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில்தான் இருக்கிறாராம். ப்ளவுஸ் துணியக் கொண்டு மரத்துல கெட்டினது நீயா என்று கேட்டார். நானும் பெருமையாக ஆமாம் என்றேன்.

அந்த எஸ்டேட்டில் வெட்டி விற்கப்போகிற மரத்துக்குத்தான் சிவப்புத் துணி கட்டுவார்களாம் அஜி. போன வருஷம் கீழ்ப்பக்கத் தோட்டத்தில் அப்படித்தான் கட்டினார்களாம். மறுவாரமே மரம் போனது, அதில் பால் வெட்டியவர்களுக்கு வேலையும் போனது. என் துணியைப் பார்த்ததும் இவர்கள் பால் பிடிக்கும் சிரட்டையைத் தொடாமல் மானேஜர் பங்களா வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஒண்ணும் கெட்டலை என்று மானேஜர் தலையிலடித்து சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லையாம். எங்கள் தெரு மாமிகளின் ப்ளவுஸ் பிட் ஒரு எஸ்டேட்டையே நிறுத்திவிட்டது.

காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். வழி தெரியாத ஒரு சிநேகிதிக்காகக் கட்டினேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் அந்த அக்கா வேறொன்று கேட்டார். வழி காட்டுதவ நீ ஏன் ஒரு நாளும் கடைசி மரத்தைத் தாண்டினதில்ல, ரோட்டுக் கரை வரை வந்து கொஞ்சநேரம் நின்னுட்டுத் திரும்பிப் போறியே, பயமா மக்களே என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

போன கடிதத்தில் எழுதியது பாதி வழிதான் அஜி. அக்கேஷியாக் காட்டைத் தாண்டினால் மறுபடி கொஞ்சம் ரப்பர், அதில் கடைசி மரத்துக்கு அந்தப் பக்கம் பொன்முடி போகிற தார்ரோடு. அதில் ஒரு சின்னப் பாலம் வரை ஓட்டினால்தான் அடுத்த மண்பாதை வரும். பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. தேயிலை வரை போகிறது என்றதும் மேப்பைப் பார்த்து எழுதியது. விதுரா வரை சைக்கிள் அப்பா காரில் போகிறது. ஆபீஸ் வாசலில் ரோட்டைக் கடக்கவே யாராவது வரட்டும் என்று நிற்கிறேன்.

உனக்கு ஆஸ்பத்திரியில் கண் விழித்ததிலிருந்துதான் ஞாபகம். அதற்கு முன்னால் நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் உன் பின்னால் வந்தேன். வேனை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். கத்தினேன், உனக்குக் கேட்கவில்லை. இப்போது எங்கே ஹாரன் கேட்டாலும் என் கை தானாக பிரேக்கைப் பிடித்துவிடுகிறது. காலில் பிளேட் வைத்துக்கொண்டு படுத்திருந்தவளிடம், எனக்குத்தான் பயமாக இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால் உனக்காகப் பாதை தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு மலைமலையாகச் சுற்றினேன்.

உன்னைப் பார்த்து எனக்குப் பாவமாக இல்லை. உன்னை விட்டால் இதை நான் யாரோடு போய்க் கடப்பேன்?

கிளம்பும்போது சுடலைமாடத்தி அக்கா துணிகளை மடித்துக் கையில் கொடுத்தார். ஒன்றை மட்டும் எடுத்துப் போய்க் கடைசி மரத்தில் மறுபடி கட்டினார். இது வெட்டுத மரம் இல்லன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிடுதேன், உன் கூட்டுக்காரி வந்து அவ கையாலேயே அவுக்கட்டும், கேட்டியா என்றார்.

வெங்கடகிருஷ்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். சனிக்கிழமை காலையில் இரண்டு சைக்கிளையும் அப்பா காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்த மரத்தடியில் நிற்பேன். நீ வராவிட்டால் மறுநாள் அவர் எடுத்துக்கொண்டு போகட்டும். அதன் பிறகு நான் கேள்வி கேட்க மாட்டேன்.

வந்தால், நீ ஓட்டக்கூட வேண்டாம், உருட்டிக்கொண்டே வா. இந்த முறை நான் முன்னால் போகிறேன். பாலம் வரும் வரை என் பின்னாலேயே வந்து, ஒண்ணும் வரல, போ, ஒண்ணும் வரல, போ என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இரு அஜி. எனக்குக் கேட்கும்.

உன்,
ஜானவி