உன் பெயருக்கு மேலே என் படம்

என்னைவிட அஞ்சு நிமிஷம் மூத்த அக்கா கங்காவுக்கு,

உன் கருமாதி முடிந்து நாலு நாளாகிறது. அம்மா என்னை உன் பேர் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள். திருத்தினால் அழுகிறாள். நானும் 'ம்' என்று போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பு முடிந்ததும், நம்மில் ஒருத்தியைத்தான் கோலா சிலாங்கூர் டவுனுக்குப் படிக்க அனுப்ப முடியும் என்றார் அப்பா. "யமுனாவே போகட்டும்பா, எனக்குப் படிப்பு ஏறாது" என்றாய். பொய்க்காரி! கணக்கில் என்னைவிட நீதானே கெட்டி?

விடிந்தும் விடியாமலும் என்னைச் சைக்கிளில் ஏற்றி, பஸ் நிற்கிற சந்திவரை மிதிப்பாய். அப்புறம் எண்ணெய்ச் செம்பனைக் காட்டுக்குப் போவாய், அம்மாவோடு மருந்தடிக்க. ஒருநாள் பஸ் ஜன்னலில் என் தோழி எட்டிப் பார்த்தாள். "ஏய், யாருலா அது? அப்படியே உன் மூஞ்சி!" உன் கிழிந்த கைச்சட்டையைப் பார்த்தேன். "ஷி இஸ் டிஃபரண்ட்லா" என்றேன். பஸ் கிளம்பியதும், தோட்டத்து லயத்து வீடுகளில் யாரோ ஒருத்தி என்றும் சொன்னேன்.

சாயங்காலம் கேட்டாய்: "டிஃபரண்ட்னா என்னடி?"

"ரொம்ப வேண்டியவங்கன்னு அர்த்தம்."

நம்பினாயா? சிரித்துக்கொண்டே மிதித்தாய். அந்தச் சிரிப்புதான் என்னை இன்னும் அறுக்கிறது.

நான் படிக்கிற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பெரிய அகராதி ஒன்று இருக்கிறது. அந்த 'டிஃபரண்ட்' லத்தீனிலிருந்து வந்ததாம். 'தனியே' என்று ஒரு பாதி, 'சுமந்து போ' என்று மறு பாதி. படித்ததும் உன் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. என்னை வேறொருத்தியாக்கியது நீ மிதித்த மிதி. தீபாவளிக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் உன்னை வேலைக்கு ஏற்றிப்போன லோரி கவிழ்ந்துவிட்டது.

உன்னை யாரும் படம் எடுத்ததில்லை. ஐ.சி. அடையாள அட்டையில் இருந்த ஒரே படமும், சாவைப் பதியும்போது பதிவு ஆபீசுக்கே போய்விட்டது. அம்மா என் பள்ளிக்கூடப் படத்தைப் பெரிதாக்கி, பொட்டு வைத்து, மாலை போட்டாள். கீழே உன் பேர். வேலை வாங்குகிற மண்டோரின் பொண்டாட்டி அதன்முன் விழுந்து அழுதாள். "அப்படியே கங்காதான்லா, ஒரு வித்தியாசமும் இல்ல!" நான் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். அடுத்த வருஷம் நான் இங்கிலீஷ் டீச்சர். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்கிற முதல் பிள்ளைக்கு உன் சைக்கிளைச் சொல்வேன். பஸ்ஸில் நான் சொன்னதையும், என் பேரை மறைக்காமல் சொல்வேன். அந்தப் படத்தையும் இறக்க மாட்டேன்.

உன் முகத்தோடு உயிரோடிருக்கிற தங்கச்சி,
யமுனா