நிதானம் என்று பெயர் வாங்கினவர்கள்

அன்பு மகள் கனிஷ்காவுக்கு அப்பா எழுதுவது. ஸ்ரீரங்கத்தில் நான் முக்கால்வாசி நலம். போலந்துக் குளிரில் நீ முழுசாக நலமாயிருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். என் மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆபீஸில் எல்லோர் எதிரிலும் மேனேஜர் உன்னைப் ‘பிளாடர்’ என்றதாகவும், வேலையை விட்டுவிட்டு வரப்போவதாகவும் வாய்ஸ் மெசேஜில் அழுதிருந்தாய். எனக்குப் புரியவில்லை, எதிர்வீட்டு செல்வமேரி டீச்சரைக் கேட்டேன். மெதுவா செய்வாங்க, ஆனா விடாம செய்வாங்க, அந்த மாதிரி ஆளைச் சொல்றது, பாராட்டுன்னும் சொல்ல முடியாது சார் என்று இழுத்தார். அசமந்தமா என்றேன், ஐயோ இல்லைங்க, அசமந்தம் வேலையே செய்யாதே என்று சிரித்தார். யோசித்தால் நம் பேச்சில் நிதானம் என்பதுதான் கிட்டத்தில் வருகிறது. அதுவும் ஆளைப் பொறுத்தது, சமையல்காரரை நிதானமான ஆள் என்றால் பந்தி தாமதம் என்று அர்த்தம், டிரைவரைச் சொன்னால் தைரியமாக ஏறலாம் என்று அர்த்தம். டவுன் பஸ் ஓட்டிய காலத்தில் டிப்போவில் என் பேரே நிதானம் பிச்சமுத்துதான். கிண்டல்தான், எரிச்சலாக வரும். ஆனால் அதே கிண்டல் பண்ணின கண்டக்டர் பரக்கத் அலி, மாசமாயிருந்த மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பும்போது, முன்னால் வந்த காலி பஸ்ஸை விட்டுவிட்டு என் வண்டி வரும்வரை நின்று ஏற்றிவிட்டார்.

இனி மிச்சம். மாசியில் எனக்கு வலது கையும் வாயும் இழுத்துக்கொண்டது. பயப்படாதே, நடக்கிறேன், மாத்திரை சாப்பிடுகிறேன், பேச்சுத்தான் குழறுகிறது. உனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் போனை எடுக்கவில்லை, சிக்னல் இல்லை என்று டீச்சரை மெசேஜ் போடச் சொன்னேன். நீ கூப்பிட்டால் உன் படம் வரும், அடித்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். அம்மா போன பிறகு வீடு பெரிசாகிவிட்டது, உலை வைத்தால் சோறு மிஞ்சுகிறது, தனியாக இருப்பது கஷ்டமாயிருக்கிறது கண்ணு. இதை இடது கையால்தான் எழுதுகிறேன், இரண்டு வரிக்குள் காபி ஆறிவிடுகிறது, போன வாரம் ஆரம்பித்த கடிதம் இது. உன் மேனேஜர் பார்த்தால் எனக்கும் அதே பேரைத்தான் வைப்பார்.

அந்த ஒரு சொல்லுக்கு ரோஷப்பட்டு வேலையை விடாதே. லீவு கேள், என்னைப் பார்க்க வா. குல்லா இல்லாமல் வெளியே போகாதே. நூறு வயசு நல்லா இரு. நிதானமாக வா என்றுதான் பெற்றவன் எழுத வேண்டும், மனசு கேட்கவில்லை. சீக்கிரம் வந்துவிடு.

இடது கையால்,
உன் அப்பா பிச்சமுத்து