அம்மா ஏறிய மணிக்கூண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அண்ணன் வீட்டில் நாங்கள் எல்லோரும் சுகம், அதாவது அம்மா சுகம், அண்ணனும் அண்ணியும் சுகம், எனக்குத்தான் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிப் போய்க் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை, அந்தக் கதை கீழே வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. இதையெல்லாம் போனிலேயே சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, கடைசி வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

போன வாரம் அம்மாவிடம் நீ சொன்னாயே, பிரசவத்துக்கு நீ வர வேண்டாம்மா, எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஆபரேஷன் செய்த முட்டியை வைத்துக்கொண்டு ஏறி இறங்க உன்னால் ஆகாது, நான் ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று. நல்ல மனதோடுதான் சொன்னாய், தெரியும். ஆனால் போனை வைத்த பிறகு உன் அம்மா நேரே அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் துலக்கினாள், துலக்கி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் துலக்கினாள். என்ன என்று கேட்டதற்கு, "ஒடஞ்ச நாற்காலியத் தூக்கி மூலையில போடுற மாதிரி என்னையும் போட்டுட்டீங்க எல்லாரும்" என்றாள். படி ஏறலாம், நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி எத்தனையோ நாளாகிறது. நம்பாதது நாம்தான். கைத்தடி வேண்டாம் என்று அவள் எடுத்து வைத்தால் வைத்துக்கொள் வைத்துக்கொள் என்று நான்தான் கையில் திணிப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் சனிக்கிழமை, ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அண்ணன் எங்களைக் கிளப்பினான். முதலில் ஆற்றுப் பாலம், அப்புறம் ஒரு அரண்மனை, அப்புறம் சுவர் முழுக்கப் படம் மாட்டிய ஒரு பெரிய கட்டடம். அரண்மனையில் ராஜா தூங்கிய கட்டிலைப் பார்த்தேன், நம் வீட்டுக் கட்டிலைவிடக் குட்டை, மனிதர் காலை மடக்கிக்கொண்டுதான் ஆட்சி செய்திருக்கிறார். படக் கட்டடத்தில் ஒரு பெஞ்சு கிடைத்தது. அதில் உட்கார்ந்து எதிரே இருந்த படத்தை நான் நெடுநேரம் ரசித்ததாக அண்ணி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் தூங்கினேன் என்பது உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், அவள் காட்டிக் கொடுக்கவில்லை. தெருவில் கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த புத்தி எங்கே போகும், குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன், ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று தலையை எண்ணினேன். இருப்பதே என்னையும் சேர்த்து நான்கு தலை. "அப்பா, எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க, குடைய எறக்குங்க" என்று அண்ணன் கெஞ்சினான். பார்த்தால் பார்க்கட்டும், தொலைந்து போகாமல் இருந்தால் சரி என்றேன்.

கடைசியாக மணிக்கூண்டு. வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே போக லிஃப்ட் உண்டு, அதற்கு முன்வாசலில் அனுமார் வால் மாதிரி வரிசை. அண்ணன் எங்கள் மூன்று பேர் டிக்கெட்டையும் என் கையில் கொடுத்துவிட்டு, அம்மா இவ்வளவு நேரம் நிற்கக் கூடாது, சக்கர நாற்காலி வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். "காலையிலேருந்து நடந்து வந்தவளுக்கு இப்ப எதுக்குடா வண்டி?" என்றாள் அம்மா. "நீ சும்மா இரும்மா" என்று சொல்லிவிட்டு அவன் போயே போய்விட்டான். அவள் முகம் வாடிவிட்டது. எனக்கும் என்னவோ போல் இருந்தது, கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். பின்பக்கம் இன்னொரு வாசல், ஈ காக்கை இல்லை! நான் ஆயுசு முழுக்கக் கத்தியது என்ன சொல், பின்னாடி காலியா இருக்கு, பின்னாடி வாங்க என்றுதானே. குரல் தன்னால் வந்துவிட்டது, குடையும் தன்னால் உயர்ந்தது. அம்மாவும் அண்ணியும் வந்தார்கள். அவர்களோடு இன்னொரு கூட்டமும் வந்தது. எல்லாம் வயதானவர்கள், எந்த தேசமோ, வழிகாட்டியைத் தொலைத்துவிட்டு நின்றவர்கள் போல, இங்கே வழிகாட்டிகள் குடையைத் தூக்கிப் பிடித்துத்தான் நடப்பார்களாம், என் குடை தெரிந்ததும் என்னை அந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். நானும் முன்னால் நுழைந்து நின்று, உள்ளே வாங்க உள்ளே வாங்க என்று எல்லோரையும் ஏற்றிவிட்டேன். அப்புறம்தான் சுவரில் இருந்த பலகையை அண்ணி படித்தாள். "மாமா, இது லிஃப்ட் வாசல் இல்ல, படிக்கட்டு. ஏற மட்டுந்தானாம், திரும்பி எறங்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

எனக்கு வியர்த்துக் கொட்டியது. சுற்றிச் சுற்றிப் போகும் குறுகல் கல்படி, பின்னால் திரும்பினால் நான் ஏற்றிவிட்ட கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இறங்குங்கள் என்று கையைக் காட்டினால் அவர்களும் சந்தோஷமாகக் கையைக் காட்டுகிறார்கள். அப்போது உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, கைத்தடியை அண்ணியிடம் நீட்டினாள், சுவரோரக் கம்பியைப் பிடித்தாள், "பின்னால ஆளு நிக்குது, வழிய அடைக்காதீங்க, ஏறுங்க" என்றாள். ஊரையெல்லாம் பார்த்து நான் சொன்னதை என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினாள். நிதானமாக, ஒரு படி, மூச்சு, அடுத்த படி. எத்தனை படி என்று கேட்காதே, எண்ணுகிற அளவுக்கு எனக்கு மூச்சு இருக்கவில்லை. அங்கங்கே ஒரு ஜன்னலும் நிற்க இடமும் இருந்தது. அங்கெல்லாம் நான் சுவரில் சாய்ந்து கிடந்தேன், அவளோ பின்னால் வந்த ஒரு தடித்த கண்ணாடிக்காரப் பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். இவள் தமிழ், அந்த அம்மாள் என்ன பாஷையோ. "இவங்களுக்கும் முட்டிதாங்க, அதே வலதுகால்" என்று எனக்குத் தகவல் வேறு. பிறகு ஒரு ஜன்னலில் அம்மா சட்டென்று நின்றுவிட்டாள். ஐயோ, வலி வந்துவிட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கீழே எட்டிப் பார்த்து, "என்னங்க, நம்ம பாப்பா வீட்டு மாடி ஒசரம் தாண்டியாச்சுல்ல?" என்றாள். நானும் பார்த்தேன், மரமெல்லாம் கீரைப் பாத்தி போலத் தெரிந்தது. எப்பவோ தாண்டியாச்சு என்றேன். "அப்ப இதுக்கு மேல ஏறுறது எனக்காக" என்று சொல்லி மறுபடி ஏறினாள், பாப்பா.

கீழே எங்களைக் காணாததால் மேலே போயிருப்போம் என்று நினைத்து, நாற்காலிக்காரர்களுக்கு விட்ட தனி வழியில் லிஃப்டில் வந்த அண்ணன், அங்கேயும் எங்களைக் காணாமல் வெளுத்துப் போய், காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். படிக்கட்டு வாசல் வழியாக முடி பறக்க அம்மா வந்து நின்றாள். "வண்டி கொண்டாந்தியா, நல்லதாப் போச்சு, உங்கப்பாவ உக்கார வை" என்றாள். உட்கார்ந்தேன். வெட்கமா, எனக்கா! பின்னால் வந்த கூட்டம் கை தட்டியது, அம்மாவுக்குத்தான், இருந்தாலும் நானும் உட்கார்ந்தபடியே கும்பிடு போட்டுவைத்தேன். கால் கடுக்க நாங்கள் நடந்த ஊர் மொத்தமும் ஒரு தாம்பாளத்துக்குள் அடங்கிக் கிடந்தது. இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். நடுவில் தடி இல்லாமல் நிமிர்ந்து நிற்பது உன் அம்மா, தோளில் கை போட்டிருப்பது கண்ணாடிக்காரப் பாட்டி, கீழே ஓரத்தில் பாதித் தலை தெரிகிறதே, அது நான். ராத்திரி அண்ணி அம்மாவின் முட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், வீக்கம் இல்லை, காலையிலும் இல்லை. இப்போது அம்மாதான் எனக்குத் தைலம் தேய்க்கிறாள். பெரிய உபதேசம் பண்ணப் போகிறான் என்று நான் நினைத்த அண்ணன், "பாப்பா வீட்டுக்கு எந்த மாசத்துக்கு டிக்கெட் போடணும்மா?" என்று மட்டும் கேட்டான்.

ஆகையால் பிரசவத்துக்கு நீ வைக்கப்போகும் ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடு. அம்மா வரட்டுமா என்று நான் கேட்கவில்லை, எப்போது வரட்டும் என்றுதான் கேட்கிறேன். நான் வருவதாக இல்லை, உன் மூன்றாவது மாடி என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, குழந்தையைக் கீழே கொண்டுவந்து காட்டினால் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம். மாத்திரையை மறக்காதே, வேளைக்குச் சாப்பிடு. படி இறங்கும்போது அவசரப்படாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. அம்மா வரும் வரைக்கும்தான், அப்புறம் அவள் பிடித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
கட்டிலில் படுத்தபடி எழுதும்
உன் அப்பா