திராட்சை மணக்கும் தட்டு

இன்று காலை ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டு ஒன்றைத் திறந்ததும் திராட்சை வாசனை. உன் நினைவுதான் வந்தது. நாயின் காதுச் சீழில் வளரும் கிருமிக்கு இப்படியொரு மணம் எதற்கு என்று இதே மேசையில் நாம் இருவரும் எத்தனை முறை வியந்திருப்போம்! மருந்து வேலை செய்தால், தட்டில் வைத்த மருந்து வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழ வேண்டும். இதில் கிருமி, வில்லைகளின் விளிம்புவரை பச்சையாகப் படர்ந்திருந்தது.

முதன்முதலில் இந்த மணத்தைக் கொண்டுவந்தது மந்தைவெளி மாமியின் நாய். "நேக்கு சைனஸுக்குக் கொடுத்த மாத்திரை மிச்சம் இருந்துது. காது சீழ் வெக்கறச்சே எல்லாம் தயிர்சாதத்துல வெச்சுக் கொடுத்தேன். சமத்தா சாப்பிட்டுது."

"உங்க ஆத்துல மிச்சம் வைக்காம மாத்திரை சாப்பிட்டது அது ஒண்ணுதான் போல, மாமி" என்றாய். மாமியே சிரித்துவிட்டார்.

இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய விவரம் திரட்டும் மையத்துக்கு முடிவை அனுப்ப வேண்டும் என்று நீ சொன்னதும் மாமியின் சிரிப்பு போய்விட்டது. "ஃப்ளாட்ல தெரிஞ்சா இதைத் துரத்திடுவா. மாமா போனப்புறம் நேக்கு இதை விட்டா யாருடிம்மா இருக்கா?"

அனுப்ப வேண்டாமே என்று நான் உன் காதில் சொன்னேன். நீ கேட்கவில்லை. "கிருமிக்குத்தான்டி ஊர் வேணும். நாய்க்குப் பேர் வேணாம்."

மந்தைவெளி, நாய், காது, பலிக்காத மருந்துகள். அவ்வளவுதான் அனுப்பினாய். காதைக் கழுவிவிடவும், அதன்பின் கையைச் சோப்புப்போட்டுக் கழுவவும் மாமிக்குக் காட்டிக்கொடுத்தாய். நாய் தேறியது, வீட்டிலேயே இருக்கிறது. நீதான் இல்லை.

இன்றைய நாய் அடையாறு பகுதியைச் சேர்ந்தது. அதே மருந்துகள்தான் இதற்கும் பலிக்கவில்லை. மந்தைவெளியிலிருந்து முன்பே இப்படி ஒன்று வந்திருக்கிறதே என்று, தொலைபேசியில் சொன்னபோது மையத்தில் கேட்டார்கள். அது நீ அனுப்பியது. இரண்டும் ஒரே கிருமிதானா என்று இன்னும் சொல்ல முடியாது. நீ இருந்தால், "அடையாறு ஆத்தைத் தாண்டி எப்படிடி வந்துச்சு, பஸ் புடிச்சா?" என்று குதித்திருப்பாய்.

முடிவு கேட்க வந்திருந்த நாயின் சொந்தக்கார இளைஞர், மையத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்றதும் தயங்கினார். "பேர் போடுவீங்களா மேடம்? ஹவுஸ் ஓனருக்குத் தெரிஞ்சா நாயோட சேத்து என்னையும் காலி பண்ண சொல்வாரு."

"கிருமிக்குத்தான் ஊர் வேணும்" என்றேன். பிறகு நீ எல்லோரிடமும் கேட்பதையும் கேட்டேன்: "உங்க நாய் யார் யாரோட பழகும்?"

"அத்த இன்னாத்துக்கு கேக்குறீங்க! தெருவே அதுக்கு ஃப்ரெண்டு."

உன் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "சொல்லுங்க."