காந்தத்தில் ஒட்டிய ரவைகள்

மே 6, செவ்வாய்

துவக்குச் சுடும் கிளப்பிலிருந்து கடிதம். இரண்டு வருடமாகச் சுட வராதவர்கள் ஜூன் முடிவதற்குள் ஒரு சோதனை செய்துகாட்ட வேண்டுமாம். பதினைந்து மீற்றர் தூரம், ஐம்பது துவக்கு ரவை. குறைந்தது நாற்பது வட்டத்துக்குள் விழ வேண்டும். தவறினால் உறுப்புரிமை இல்லை, பிஸ்டலையும் கொடுத்துவிட வேண்டியதுதான். 2022 ஒக்டோபரோடு இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்கள் கைத்துவக்கு வாங்குவது நின்றுவிட்டது. கொடுத்தால் இன்னொன்று வராது.

இவர் வாசித்துவிட்டு, "நல்லதாப் போச்சு மனோ, குடுத்துவிடு. அலுமாரியில இடம் கிடைக்கும்" என்றார்.

குடுக்கிறதா? என்ரை சாமானையா?

2021இல் தொப்பிச் சட்டையால் முகத்தை மூடிய மூன்று பேர் சுத்தியலோடு வந்து என் நகைக்கடைக் கண்ணாடிகளை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கோபத்தில் லைசென்ஸ் எடுத்து வாங்கியது இது. கூடவே ஒரு பெட்டி 'பாதுகாப்பு' ரவை. நுனியில் குழி உள்ளது, இருந்ததிலேயே விலை கூடியது. இடுப்பில் வைத்துக்கொண்டு கடையில் நிற்கலாம் என்று நினைத்தேன். அது முடியாது என்று வகுப்பிலேயே சொன்னார்கள், நான்தான் காதில் போடவில்லை. பூட்டிய பெட்டியில் வைத்துக் கிளப்புக்குக் கொண்டுபோகலாம், வீட்டுக்குக் கொண்டுவரலாம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கடைக் கதவு பூட்டியே இருக்கிறது. மணியடித்தால் உள்ளேயிருந்து பொத்தானை அமத்தித் திறக்க வேண்டும். அதை என்னிடம் வேலை செய்யும் கஜனிதான் அமத்துகிறாள். தொப்பிச் சட்டை என்றால் என் விரல் போகாது. நல்ல சனம் எத்தனை பேர் வாசலில் நின்று திரும்பிப் போயிருக்கும்!

மே 11, ஞாயிறு

ஸ்ரௌவ்வில் ஊரைத் தாண்டிக் கிளப்புக்குப் போனேன். அங்கேயே வாங்கிய ஐம்பது ரவையில் பத்தொன்பதுதான் வட்டத்துக்குள்.

ஆனால், ஐயோ, என்ன சந்தோஷம்! காதை மூடிக்கொண்டு, மூச்சை விட்டு, மெல்ல இழுக்க — டப். ஐம்பத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒன்று இருக்கிறதா? கடை, காசு, கலியாண ஓடர் எதுவும் அந்த ஒரு நிமிடம் தலையில் இல்லை. அங்கே பாதுகாப்பு அதிகாரி ஜூலியன், நீர்கொழும்புப் பக்கத்து ஆள், இப்போது அஜக்ஸில் இருக்கிறார். "பயப்பிடாம சுடுறீங்கள் அக்கா, அதுதான் பயமா இருக்கு" என்றார். வீடு வரும்வரை காரில் தனியே சிரித்தேன்.

மே 14, புதன்

பயிற்சிக்கு ரவை வாங்கப் போனேன். விற்கிற பெடியன் என்னவெல்லாமோ சொன்னான், தலையின் பாரம், வேகம், தொழிற்சாலை என்று. நான் கேட்டது ஒன்றுதான்: மொத்தமாக எடுத்தால் எவ்வளவு குறையும்?

ஆயிரம் ரவை, ஒரு தகரப் பெட்டி. செம்பு நிறத்தில் தலை, என்ன பளபளப்பு. அதைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மே 18, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது? எழுதத்தான் வேண்டும்.

ஜூலியன் நூலில் கட்டிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து என் புது ரவையின் தலையில் பிடித்தார். டிக். ஒட்டிக்கொண்டது. இன்னொன்று. டிக். செம்பு வெறும் பூச்சுத்தானாம், உள்ளே இரும்பு. சுவரிலும் தடுப்பிலும் பட்டால் பொறி பறக்கும், இந்தக் கிளப்பில் விடமாட்டார்கள்.

"அக்கா, நகைக்கடைதானே வச்சிருக்கிறீங்கள்?"

ஓம் தம்பி, நகைக்கடைதான். முப்பது வருடமாக என் மேசை இழுப்பறையில் இதே அளவில் ஒரு காந்தம் கிடக்கிறது. விற்க வருகிற சங்கிலி எதையும் அதில் பிடிக்காமல் தராசில் வைத்ததில்லை. கவரிங்கைத் தங்கமென்று கொண்டுவந்த எத்தனை பேருக்கு முகம் கறுக்கச் சொல்லியிருக்கிறேன்! எனக்கே பூச்சுச் சாமான் தலையில் கட்டியாச்சு. அதுவும் ஆயிரம்!

முதலில் அழுகைதான் வந்தது. பிறகு ஜூலியனின் முகத்தைப் பார்த்தேன், பாவம், சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். நான்தான் முதலில் வெடித்தேன். வயிறு நோகச் சிரித்தோம்.

மே 20, செவ்வாய்

விற்ற ரவையைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். கோபப்படவும் முடியவில்லை, என் கடையிலும் அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மே 25, ஞாயிறு

இந்த முறை புத்தியோடு வாங்கினேன். பித்தளைக் கோது, ஈயத் தலைக்கு மேலே உண்மையான செம்பு, பாரம் குறைந்தது. கடையிலேயே காந்தம் பிடித்துப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன்.

இன்று இருபத்தொன்பது!

என் திட்டத்தை ஜூலியனிடம் சொன்னேன். பழகுவது இந்த மலிவு ரவையில், சோதனையன்று அந்த விலை கூடிய பாதுகாப்பு ரவை. வீட்டுக்குப் பருத்தி, கலியாணத்துக்குப் பட்டு.

"வருசம் முழுக்கச் செருப்போட நடந்துபோட்டு, கலியாணத்தண்டைக்கு ஹீல்ஸ் போட்டா என்ன நடக்கும் அக்கா?"

இந்த ஆளுக்கு வியாபாரம் தெரியாது என்று நினைத்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. பாதுகாப்பு ரவையில் பத்துச் சுட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கி எறிகிறது. இரண்டாவதிலேயே உடம்பு அடுத்த உதைக்குப் பயந்து விரலை முந்திக்கொண்டு இழுத்தது. பத்தில் இரண்டுதான் வட்டத்துக்குள். மற்றதெல்லாம் இடப்பக்கம் கீழே.

ஜூலியன் கடதாசியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், இதை ஆருக்காக வாங்கினீங்கள் என்று.

ஆருக்காக? அந்த மூண்டு பேருக்குத்தான். நாலு வருசமா அவங்களுக்கு விலை கூடின சாமான் வாங்கிப் பூட்டி வச்சிருக்கிறன். அவங்கள் திரும்ப வரப்போறதும் இல்லை, வந்தாலும் இது வீட்டு அலுமாரியில. பிறகு என்ன விசர் இது?

பழகிய ரவையிலேதான் சோதனை. முடிவு.

ஜூன் 8, ஞாயிறு

முப்பத்துநாலு. ஆரும் கேட்காமலே இவர் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார்.

ஜூன் 15, ஞாயிறு

முப்பத்தெட்டு. இரண்டு! இரண்டே இரண்டு! நித்திரை எங்கே வரும்?

ஜூன் 22, ஞாயிறு

சாமி கும்பிட்டுவிட்டுப் போனேன். இவரும் வந்து கண்ணாடிக்கு அந்தப்பக்கம் காதுமூடியோடு நின்றார், வெளியே கேட்காது என்று தெரிந்தும் பொத்திக்கொண்டு.

முதல் பத்தில் ஆறு. நாசம் என்று நினைத்தேன். பிறகு அந்தக் குட்டி ரவையின் உதை கைக்குத் தெரிந்த உதையாக இருந்தது. எண்ணவில்லை. டப், மூச்சு, டப். ஜூலியன் கடதாசியை இழுத்து ஓட்டைகளைப் பேனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார். வேண்டுமென்றே செய்கிறார், தெரியும்.

"நாற்பத்திமூண்டு அக்கா."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

வெளிக்கிட முன் பெட்டியில் மிச்சமிருந்த நாற்பது பாதுகாப்பு ரவையையும் எடுத்தேன். குறி இல்லை, எண்ணிக்கை இல்லை, கையைத் தூக்கி எறிய எறிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு கடதாசிக்குச் சுட்டுத் தீர்த்தேன். இவ்வளவு விலை கொடுத்து நான் இவ்வளவு சிரித்ததே இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

அந்தப் பாதுகாப்பு ரவைப் பெட்டிக்குள் இருந்த பிளாஸ்ரிக் தட்டு நல்ல சாமான். ஐம்பது குழி, ஒரே அளவு. எறிய மனம் வரவில்லை. கறுப்பு வெல்வெட் துணி வெட்டி ஒட்டிக் குழிக்கு ஒன்றாக மூக்குத்திகளைக் குத்திவைத்தேன்.

பின்னேரம் மழை. கஜனி தேத்தண்ணி போடப் பின்னுக்குப் போயிருந்தாள். மணி அடித்தது. தொப்பிச் சட்டை, நனைந்த பெடியன், இரண்டு கையும் பொக்கற்றுக்குள். நான் அவளைக் கூப்பிடவில்லை, பொத்தானை அமத்தினேன். அம்மாவுக்கு அறுபது வயதாம், வெள்ளைக்கல்லில் சின்னதாக ஒரு மூக்குத்தி வேண்டுமாம்.

தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். இரண்டாவது வரிசையில் ஒன்றை எடுத்தான்.