ஷூவுக்குள் இத்தாலி

அபா,
ஞாயிறு, ஆராதனை முடிந்து

செல்ல மகள் அடாகுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் கடவுள் கிருபையில் நலம், ஜெனரேட்டருக்குத்தான் மறுபடி மூச்சுத்திணறல். போலந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

புதுத்தொழில் மையத்தில் நாள் முழுக்கக் கரண்டோடு ஒரு கூடம் கிடைத்தால், விசா முடிந்ததும் நீ வந்து ஷூ டிசைன் வரைய, நான் தைக்க என்று பேசிவைத்திருந்தோமே, அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நடுவர்கள் செவ்வாயன்று நம் சந்துக்கே வந்தார்கள். பழைய டயர்த் தூளில் நான் வார்த்த ஷூ அடியை வளைத்தார்கள், மிதித்தார்கள், தண்ணீரில் முக்கினார்கள். இப்படிப் பத்துப் பேர் இருந்தால் நம் மாநிலம் உலகத்தோடேயே மல்லுக்கட்டலாம் என்றார் பெரிய நடுவர். நான் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் மனுஷன் ஷூவுக்குள் பார்த்தார். தங்க எழுத்தில் ‘இத்தாலியில் தயாரானது’. முப்பது வருஷப் பழக்கம், மகளே, ஷூ முடிந்ததும் கை தானாக அச்சை எடுத்துக் குத்திவிடுகிறது, குத்தாவிட்டால் லாகோஸ் வியாபாரி தொடமாட்டானே. “ஐயா, இது நீங்க செஞ்சதா, கப்பல்ல வந்ததா?” என்று கேட்டார். பக்கத்துக் கடை எரொண்டு, “அண்ணனுக்குத் தாய்மொழியே இத்தாலிதான் சார், எங்ககிட்ட மறைச்சிட்டாரு” என்றான், சந்தே சிரித்தது. கொடுமை என்னவென்றால் நடுவர் காலில் கிடந்ததே எரொண்டு தைத்த ஜோடி, அவரோ அதை அசல் இத்தாலி என்று நம்பிப் போட்டிருக்கிறார். சொல்ல வாயெடுத்தேன், எரொண்டு என் காலை நறுக்கென்று மிதித்தான். அவன் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கூடம் யாருக்குப் போனது தெரியுமா? சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக ஷூ இறக்கி, லேபிளைக் கிழித்துவிட்டு ‘அபாவில் தயாரானது’ என்று ஒட்டிக் காட்டியவனுக்கு. மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்று மையத்துக்கே போய்க் கேட்டேன். எல்லாக் கூடமும் நிரம்பிவிட்டது, இனிமேல் இல்லை என்றார்கள்.

ஆகவே டிக்கெட் வாங்காதே. அந்தக் கிடங்கு வேலையை விடாதே, விசாவை நீட்டிக்க யார் காலிலாவது விழு. இங்கே வந்தால் என்னோடு உட்கார்ந்து கரண்டுக்குக் காத்திருக்கலாம், அதற்கு நான் ஒருவன் போதும். வேளைக்குச் சாப்பிடு, காய்ந்த ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாதே.

போன இடத்திலும் திரும்பும் வழியிலும் கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும் என்றுதான் எப்போதும் முடிப்பேன். இந்தத் தடவை போன இடத்தில் மட்டும் இருக்கட்டும்.

ஒன்று மறக்காதே. கூடம் போனது அம்மாவுக்குத் தெரியும், நீ வரமாட்டாய் என்பது தெரியாது. நேற்றுகூட உன் அறைக்கு வெள்ளையடித்தாள். போனில் நீயே சொல்லிவிடு. ஊரெல்லாம் வாயாடி என்று பேர் வாங்கியவன், இதற்கு மட்டும் எனக்கு நாக்கு எழவில்லை.

உன் அப்பா,
எனியின்னாயா