நான் மை பூசி மறைத்த புகை

கோபம் ஆறாமலே போய்விட்ட என் அன்பு அண்ணிக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். அண்ணன் இப்போது தானே சோறு வடிக்கிறார். குழைந்துபோனாலும் நான் வாய் திறப்பதில்லை. மெர்டேக்கா, நம் சுதந்திரம், வந்துவிட்டது அண்ணி, நீங்கள்தான் பார்க்காமல் போனீர்கள். குடியுரிமை மனுவுக்குப் படம் எடுக்கப் பண்டார் ஹிலிரில் எங்கள் ஸ்டூடியோ வாசலில் காலையிலேயே கூட்டம்.

ஆனால் உங்கள் நட்சத்திரப் படத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் நீங்கள் பாடம் நடத்திய பிள்ளைகளுக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்து, வெளிநாட்டு வானாய்வுக்கூடத்துக்கு எழுதி, காஜா பெராங் தெருத் தபால்காரரை மாதக்கணக்கில் வழிமறித்து வாங்கினீர்கள். கும்ப ராசிப் பக்கம் ஒன்றையொன்று சுற்றும் ஜோடி நட்சத்திரம். பெரியது சிவந்து ஊதிக் கிடக்குமாம். சின்னது அதிலிருந்து இழுத்து இழுத்து விழுங்குமாம். கொள்ளாமல் போனால் ஒருநாள் சீறித் துப்புமாம். "நம்ம வீட்டுல சின்னது யாருன்னு கேக்கணுமா?" என்று அண்ணனிடம் நீங்கள் சிரித்தது என் காதில் விழாமலா போகும்?

பெரிதாக்கித் தரும்படி அதை என்னிடம் கொடுத்தீர்கள். அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழ்க் கருப்பையும் மறைத்தே பழகிய கை என் கை. நட்சத்திரத்தைச் சுற்றி ஏதோ வெளுப்பாகப் படர்ந்திருந்தது. படம் கழுவினவன் கெடுத்துவிட்டான் என்று நினைத்து, தூரிகையில் மை தொட்டுத் துளி விடாமல் நிரப்பிவிட்டேன். நல்லது செய்ததாக நினைப்பு வேறு!

"ஐயோ தனம், அந்தப் புகைதான் லா படமே! ரெண்டும் சேர்ந்து ஊதித் தள்ளினது, வருஷா வருஷம் வளருது. இனிமே பிள்ளைங்களுக்கு எதைக் காட்டுவேன்?"

"முன்னாடியே சொல்லியிருக்கணும். ஒரு தூசிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

சொன்னேனே, அப்படித்தான் சொன்னேன். எட்டு நாள் நாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒன்பதாம் நாள் உங்களுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன், பாவி. நாளை எங்கே வந்தது?

கருமாதி முடிந்த மறுநாளே அகராதியும் கையுமாக உட்கார்ந்து அதே விலாசத்துக்கு எழுதினேன். நடந்ததை ஒளிக்கவில்லை. ஒரு படம் கேட்டேன், இரண்டு வந்தன: பல வருடங்களுக்கு முன் எடுத்தது ஒன்று, புதியது ஒன்று. இரண்டிலும் நடுவே ஒடுங்கிய உடுக்கை போல ஒரு புகை, அதைச் சுற்றி அங்கங்கே கிழிந்த வளையம். வித்தியாசமே தெரியவில்லை. அப்படியானால் வளரும் என்று நீங்கள் சொன்னது?

விட மனமில்லை. பழையதைக் கருப்பு வெள்ளை தலைகீழான நெகட்டிவாகவும் புதியதைப் பாசிட்டிவாகவும் ஃபிலிமில் எடுத்து, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களை வைத்து ஒரே அளவாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். மாறாதது எல்லாம் மங்கி மறைந்துவிடும். நகர்ந்தது மட்டும் தெரியும். நாலு நாள் பொருந்தவே இல்லை. ஐந்தாம் நாள் மதியம் பொருந்தியது. நட்சத்திரங்கள் போய்விட்டன, வளையத்தின் வெளி ஓரத்தில் மயிரிழை அகலத்துக்கு ஒரு கோடு நின்றது. அவ்வளவு விரிந்திருக்கிறது அண்ணி! "ஆத்தாடி!" என்று நான் கத்தியதில், படமெடுக்க உட்கார்ந்திருந்த தெங்கேரா பகுதிக்காரர் பயந்து எழுந்துவிட்டார்.

போன சனிக்கிழமை உங்கள் வகுப்பறையில் அந்தப் படங்களை மாட்டினேன். பக்கத்தில் நான் கெடுத்த உங்கள் படத்தையும் மாட்டி, கீழே எழுதினேன்: 'புகையை அழுக்கு என்று எண்ணி மறைத்தது நான். தப்பு என்னுடையது. தனலட்சுமி.'

"இது வேணாமேம்மா," என்றார் பெரிய வாத்தியார்.

"இருக்கட்டும் ஐயா. இது இல்லாட்டி மத்ததை நான் மாட்டியே பிரயோசனம் இல்ல."

அண்ணன் அதைப் படித்துவிட்டு கோணலாய்த் தொங்கிய அந்தப் படத்தை நேராக்கி மாட்டினார். பிள்ளைகள் என்னை விடவில்லை. இப்பவும் பெருசாகிக்கிட்டு இருக்கா என்றார்கள். நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ளயே கொஞ்சம் பெருசாயிருச்சு என்றேன். ஒரே கூச்சல்! நீங்கள் அங்கே நின்றிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர்களிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். பத்து வருடம் கழித்து இன்னொரு படம் கேட்டு எழுதுவேன். அதையும் பொருத்திப் பார்த்து, எவ்வளவு விரிந்தது என்று உங்களுக்குத்தான் முதலில் சொல்வேன். அதற்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி.

மன்னிச்சிடுங்க அண்ணி.

உங்கள் வாயாடி நாத்தனார்,
தனம்